கருத்தடைக்குத் தகுதியானவர்

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் சந்தானம் கிரைப் வாட்டர் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண் யாராவது கர்ப்பமாக இருப்பதாகத் தெரிந்தால் வரவேற்பறையில் தொங்கும் வெண்கல மணியை அடிப்பார்கள். ஆண் ஊழியரின் மனைவி என்றாலும் அடிப்பார்கள், கொஞ்சம் மெதுவாக. அடிப்பவர் நிர்வாக இயக்குநர் கஸ்தூரிரங்கன். சத்தம் கேட்டதும் எல்லா மாடிகளிலும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கைதட்ட வேண்டும். பிறகு ஆளுக்கொரு ரவா லட்டு வரும். கைதட்டாதவர்களுக்கும் லட்டு உண்டு. ஆனால் யார் தட்டவில்லை என்பதை மனிதவளத் துறை கவனித்துக்கொண்டிருக்கும்.

குழந்தை பிறந்தால்தான் அதற்கு வயிறு வலிக்கும். வயிறு வலித்தால்தான் கிரைப் வாட்டர் போகும். அந்த அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

ஜான்சி அங்கே ஆர்டர் பிரிவில் இருந்தாள். வீடு கொட்டிவாக்கம் குப்பத்தில். கணவன் நந்தகுமார் கடலுக்குப் போகிறவன். அவளுக்காக அந்த மணி இரண்டு தடவை அடித்திருக்கிறது. முதல் தடவை மூத்த மகளுக்கு. இரண்டாவது மகனுக்கு, அப்போது இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பிரசவத்தன்று வலிப்பு வந்து, அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். நினைவு திரும்பியபோது பக்கத்தில் ஒரு கூடை இருந்தது. அதில் கம்பெனியின் வாழ்த்து அட்டையும் கிரைப் வாட்டர் பாட்டில்களும் இருந்தன. மொத்தச் செலவையும் கம்பெனியின் குழுக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. அந்த நன்றி அவளுக்கு உண்மையாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ளும்போது கஸ்தூரிரங்கன் சாரையும் சேர்த்துக்கொள்வாள்.

மகன் நடை பழகத் தொடங்கிய சமயத்தில் டாக்டர் அனு அவளை உட்காரவைத்துப் பேசினார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத டாக்டர். இன்னொரு தடவை கர்ப்பமானால் இதே மாதிரி பிழைத்து எழுந்து வருவாய் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். மாத்திரை அவளுடைய இரத்த அழுத்தத்துக்கு ஆகாது. மயக்கம் கொடுத்து அறுவை செய்வதும் இப்போதைக்கு யோசனைதான். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் காப்பர்-டி நல்லதுதான். ஆனால் ஜான்சிக்கு ஏற்கெனவே மாதவிலக்கில் அளவுக்கு மீறி இரத்தம் போகிறது, அது இன்னும் கூடிவிடும். அதனால் ஹார்மோன் வைத்த சாதனம் ஒன்றைக் கருப்பையில் பொருத்திவிடலாம், கர்ப்பத்தையும் தடுக்கும், இரத்தப்போக்கையும் குறைக்கும் என்றார்.

விலையைக் கேட்டதும் ஜான்சி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த மாதம்தான் படகு என்ஜின் நடுக்கடலில் நின்று போயிருந்தது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. காப்பீடு இருக்கிறதே, அதற்குத்தானே மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.

காப்பீட்டு நிறுவனத்தில் பேசிய பெண்ணின் குரல் தேன் மாதிரி இருந்தது. அந்தச் சாதனம் திட்டத்துக்குள் வருகிறதுதான், இரத்தப்போக்குக்காகப் போட்டால். கர்ப்பத்தைத் தடுக்கப் போட்டால் வராது. டாக்டர் இரண்டையும் எழுதியிருக்கிறார். ஆகவே வராது.

"ரெண்டுக்கும் ஒரே சாமான்தானேங்க?" என்று கேட்டாள் ஜான்சி.

"சாமான் ஒண்ணுதான் மேடம். நோக்கம் ரெண்டு. அதுல ஒரு நோக்கம் விலக்குல வருது. நல்ல நோக்கத்தோட விலக்குல இருக்கற நோக்கம் சேர்ந்துட்டா முழுசுமே விலக்குதான்."

அப்படியானால் இரத்தப்போக்கு என்று மட்டும் டாக்டரிடம் எழுதி வாங்கி வரட்டுமா என்றாள் ஜான்சி. குரல் உண்மையிலேயே வருத்தப்பட்டது. இந்த அழைப்பு பதிவாகிறது, மேடத்தின் நோக்கம் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு தெரியாத மாதிரி நடந்துகொள்வது நேர்மையில்லை என்றது. மேலும் கர்ப்பம் ஒரு நோய் அல்ல. வராத ஒன்றை வராமல் தடுப்பது சிகிச்சை அல்ல என்றது. போன வருடம் கம்பெனியில் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி போட்டீர்களே, அதுவும் வராததைத் தடுக்கத்தானே என்று ஜான்சி கேட்டாள். குரல் கொஞ்சம் யோசித்தது.

"ஃப்ளூ வந்தா லீவு போட்டுடுவாங்க மேடம்."

கடைசியில் ஒரு வழியும் சொன்னது. கம்பெனி கேட்டுக்கொண்டால் கருத்தடையைத் திட்டத்தில் சேர்த்துவிடலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. கம்பெனி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்கத்தான் ஜான்சி மனிதவளத் துறைத் தலைவர் சாய்சரணின் அறைக்குப் போனாள். சாய்சரண் இளைஞன். வெளிமாநிலத்தில் மேலாண்மை படித்துவிட்டு வந்தவன். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். தனிப்பட்ட முறையில் தான் அவள் பக்கம் என்றான். ஆனால் அலுவலக நேரத்தில் தனக்குத் தனிப்பட்ட முறை என்று ஒன்று கிடையாது என்றும் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேடம், நீங்க கத்தோலிக்கர், உங்க சர்ச்ல கருத்தடை கூடாதும்பாங்க. இதை கவர் பண்ணா உங்க மத உணர்வு புண்படுமோன்னு நிர்வாகம் ஃபீல் பண்ணலாம். டைவர்சிட்டின்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"கேக்கறதே நான்தான் சார்."

"அதான் மேடம் காம்ப்ளிகேட்டடா இருக்கு."

விஷயம் கஸ்தூரிரங்கனிடம் போயிற்று. அவர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குடும்ப நல ஆய்வுக் குழு என்று ஒன்றை அமைத்தார். அவரே தலைவர். சாய்சரண், விற்பனைத் தலைவர் ராஜரத்தினம், இயக்குநர்களாக இருக்கும் அவருடைய சித்தப்பா பிள்ளைகள் இருவர், உறுப்பினர்கள். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சாய்சரண் எடுத்துச் சொன்னான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கம்பெனியில் மிக மூத்த பெண், கஸ்தூரிரங்கனின் செயலாளர் விஜயலக்ஷ்மி. ஆனால் கூட்டக் குறிப்பு எழுதுவதும் அவர்தான். குறிப்பு எழுதுகிறவர் உறுப்பினராக இருந்தால் நடுநிலை கெட்டுவிடும். அதனால் விஜயலக்ஷ்மி எல்லாக் கூட்டங்களிலும் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், அங்கே நடந்ததையெல்லாம் எழுதிக்கொண்டார்.

முதல் கூட்டம் முழுக்க ஒரு சொல்லுக்காகவே செலவாயிற்று. கருத்தடை என்பதில் தடை என்று வருகிறது. குழந்தைகளை நம்பி நடக்கும் ஸ்தாபனத்தின் சுவருக்குள் அந்தச் சொல் ஒலிக்கக் கூடாது என்று கஸ்தூரிரங்கன் கருதினார். சித்தப்பா பிள்ளைகளில் ஒருவர் 'அந்த விஷயம்' என்று வைக்கலாம் என்றார். அது ஆபாசமாக இருப்பதாக இன்னொருவருக்குப் பட்டது. கடைசியில் 'இடைவெளி' என்று முடிவாயிற்று. இடைவெளி குறித்துக் குழு ஆலோசித்து வருகிறது என்று எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை போனது. அதைப் படித்த கேன்டீன்காரர் மறுபடி கொரோனா வந்துவிட்டதாக நினைத்து மேஜைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டார். அன்று பாதிப் பேர் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே தயிர்சாதம் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் ராஜரத்தினம் சென்னை வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். ஆழ்வார்பேட்டை, அபிராமபுரம், அடையாறு மூன்றையும் சிவப்பில் குறித்திருந்தார். அங்கெல்லாம் தெருத் தெருவாகப் போய்ப் பார்த்துவிட்டதாகவும், சில தெருக்களில் தொட்டில் கட்டின வீடு ஒன்றுகூட இல்லை என்றும், எங்கே பார்த்தாலும் நாய்தான் வளர்க்கிறார்கள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாய்க்குக் கிரைப் வாட்டர் கொடுக்கலாமா என்று கால்நடை டாக்டர் ஒருவரிடம் விசாரித்திருப்பதாகவும், அவர் திட்டிவிட்டதாகவும் தெரிவித்தார். இப்படிப்பட்ட காலத்தில் நம் ஊழியர்களுக்கே நாம் இடைவெளி கொடுத்தால் வியாபாரிகள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றார்.

மூன்றாவது கூட்டத்துக்கு ஜான்சியைக் கூப்பிட்டார்கள். கணவரையும் அழைத்து வரச் சொன்னார்கள். நந்தகுமார் அன்று கடலுக்குப் போகாமல், தங்கையின் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். பஸ்ஸில் வரும்போதே ஜான்சி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாவது பிரசவத்தில் என்ன நடந்ததென்று சொல்லு, டாக்டர் சொன்னதைச் சொல்லு, வேறெதுவும் வேண்டாம். அவனும் தலையாட்டினான்.

கூட்ட அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. நந்தகுமாருக்கு மெத்தை வைத்த நாற்காலி போட்டு, டபராவில் காபி கொடுத்தார்கள். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு டபராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கஸ்தூரிரங்கன் ஜான்சியை அன்போடு பார்த்தார். அவர் மற்றவர்களிடம் கடுமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"இதோ பாரும்மா ஜான்சி," என்று ஆரம்பித்தார். "நான் பொம்மனாட்டிகளுக்கு எதிரி இல்லை. இந்தக் கம்பெனியே அவாளாலதான் நடந்துண்டிருக்கு. பெத்துக்கறவா அவாதானே. மூணாவது பிரசவத்துக்கும் இன்ஷூரன்ஸ் குடுக்கற கம்பெனி மெட்ராஸ்ல வேற எங்கயாவது இருக்கா, சொல்லு. நாலாவதுக்கும் பேசிண்டிருக்கேன். ஐசியூ வேணுமா, எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துக்கோ. பகவான் புண்ணியத்துல அப்படியெல்லாம் ஆகப்போறதில்லை. ஒருவேளை நீ இல்லாமலே போயிட்டாலும் குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கு, உங்காத்துக்காரருக்கு ஒரு குறையும் வராது. இவ்வளவும் பண்றேன். பிரசவமே ஆகாம இருக்கறதுக்கும் நானே குடுக்கணும்னா அது எந்த ஊர் நியாயம்?"

சித்தப்பா பிள்ளைகள் இருவரும் தலையசைத்தார்கள். தான் செத்துப்போவதற்கு எல்லா ஏற்பாடும் தயாராக இருக்கிறது, சாகாமல் இருப்பதற்கு மட்டும் இல்லை என்று ஜான்சிக்குப் புரிந்தது; ஆனால் அவ்வளவு கனிவாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு அதை எப்படிப் பதிலாகச் சொல்வது?

"எனக்கு உங்க கஷ்டம் தெரியாதுன்னு நினைக்காதே," என்று அவர் தொடர்ந்தார். "நானும் ஒண்ணோட நிறுத்திண்டவன்தான். அப்போ ஃபேக்டரி கட்டிண்டிருந்தேன், மாமிக்கும் உடம்பு முடியலை. பொறுப்பு இருக்கறவா யோசிக்கத்தானே வேணும். ஆனா நான் இன்ஷூரன்ஸ்ல கேக்கலையே. டைரக்டர் மெடிக்கல்னு கம்பெனிக் கணக்குல தனியா ஒரு ஹெட் இருக்கு, அந்தச் செலவை அதுலதான் போட்டுண்டேன்."

விஜயலக்ஷ்மியின் பேனா ஒரு நொடி நின்றது. இதையும் எழுதலாமா என்பதுபோல் அவர் நிமிர்ந்து பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லாததால் எழுதிக்கொண்டார்.

அப்போது ராஜரத்தினம் நந்தகுமார் பக்கம் திரும்பி, அரசு மருத்துவமனையில் ஆண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை இலவசமாகவே செய்கிறார்களே, பத்து நிமிட வேலை, தம்பி ஏன் செய்துகொள்ளக் கூடாது என்று கேட்டார். நந்தகுமார் திடுக்கிட்டான். அதைப் பண்ணிக்கொண்டால் வலை இழுக்கத் தெம்பு இருக்காது என்று குப்பத்தில் பேசிக்கொள்வார்கள் என்றான். மேஜையைச் சுற்றியிருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் நெளிந்தார்கள். ஆண்கள் சம்பந்தப்பட்ட விஷயம் குழுவின் வரம்பில் இல்லை என்று கஸ்தூரிரங்கன் உடனே அறிவித்தார்.

"நீங்க என்ன சொல்றேள் மிஸ்டர் நந்தகுமார்? நாங்க சொல்றது நியாயம்தானே?"

நந்தகுமார் ஜான்சியைப் பார்க்கவில்லை. டபராவைப் பார்த்தான். "நீங்க சொன்னா சரிதான் சார்," என்றான்.

கணவரின் கருத்தும் நிர்வாகத்தின் கருத்தோடு ஒத்துப்போவதாகக் குறிப்பில் ஏறியது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து குழந்தைகளுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் ஜான்சி கேட்டாள்.

"சொல்லிக் குடுத்துத்தானே கூட்டிக்கினு போனேன். இன்னாத்துக்கு சார் சார்னு தலையாட்டிக்கினு வந்த?"

"அந்தப் பெரியவரு மெத்தை சேர்ல குந்த வெச்சிட்டாரு ஜான்சி. காப்பி வேற. எனக்கு இன்னா பேசறதுன்னே தெர்ல."

"அன்னிக்கு எனக்கு வலிப்பு வந்தப்போ நீ எப்புடி அழுதன்னு ஆஸ்பத்திரில எல்லாரும் சொன்னாங்க. அதைச் சொல்லியிருந்தா போதும்."

அவன் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டான். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தான். அதற்குள் அவள் குழந்தைகளோடு படுத்துவிட்டிருந்தாள்.

குழு அடுத்தடுத்துக் கூடிக்கொண்டிருந்தது. ஒரு கூட்டத்தில் இடைவெளி என்பது நம் பண்பாட்டில் உண்டா என்று ஆராய்ந்தார்கள். இன்னொன்றில், பெண் ஊழியர்களுக்கு இடைவெளி கொடுத்தால் அவர்கள் வேலையில் அதிகக் கவனம் செலுத்துவார்களா, அப்படிச் செலுத்தினால் அவர்களுக்குப் பதவி உயர்வு கொடுக்க வேண்டி வருமா என்று கவலைப்பட்டார்கள். ஜான்சி போய்க் கேட்கும்போதெல்லாம் சாய்சரண் விஷயம் மிகவும் சீரியஸாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றான்.

வீட்டில் அவர்கள் கவனமாகத்தான் இருந்தார்கள். ஆணுறை எந்தத் தடவை ஏமாற்றியது என்று யாருக்குத் தெரியும்? நாள் தள்ளிப்போய், கடையில் வாங்கிய சோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்தபோது ஜான்சி குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூத்த மகள் வெளியிலிருந்து கதவைத் தட்டி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்றாள். வரேன் கண்ணு, தலை பின்னிக்கோ என்று சொல்லிவிட்டு, அழக்கூட நேரமில்லாமல் எழுந்தாள்.

டாக்டர் அனு கையைப் பிடித்துக்கொண்டார். ஆரம்பக் கட்டம்தான், மருந்திலேயே கலைத்துவிடலாம், ஆனால் அவளுடைய இரத்த அழுத்தத்துக்கு ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். காப்பீட்டுக்கு முன் அனுமதி கேட்டு அன்று மாலையே அனுப்பினார்கள். மகப்பேறு என்ற பிரிவில்தான் அது போகும். மகப்பேறு என்றதும் காப்பீட்டு நிறுவனத்தின் கணினி தானாகவே கம்பெனிக்கு ஒரு நல்ல செய்தி அனுப்பிவைத்தது.

மறுநாள் காலை ஜான்சி அலுவலகத்துக்குள் நுழையும்போது கஸ்தூரிரங்கன் மணியடித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பக்கத்து இருக்கை ஸ்நேஹாவுக்காக இருக்கும் என்று நினைத்தாள். ஸ்நேஹாவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. வரவேற்பறையைக் கடக்கும்போதெல்லாம் கஸ்தூரிரங்கன் அவளையும் பார்ப்பார், மணியையும் பார்ப்பார். ஆனால் ஸ்நேஹாவும் மற்றவர்களோடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஜான்சியின் கையில் லட்டை வைத்தார்கள்.

"மூணாவதுக்கும் கம்பெனி உண்டுன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் கஸ்தூரிரங்கன், முகமெல்லாம் மலர்ந்து. "பகவானே குழுவுக்கு வேலை இல்லாம பண்ணிட்டார்."

லட்டு விரல்களுக்கிடையே உதிர்ந்தது. தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று ஜான்சி எதிர்பார்க்கவில்லை.

"கலைக்கப் போறேன் சார். இல்லன்னா நான் செத்துடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

கைதட்டல் மாடிவாரியாக அடங்கியது. கீழே ஓய்ந்து, மேலே இன்னும் யாரோ தட்டிக்கொண்டிருந்து, பிறகு அதுவும் நின்றது. கஸ்தூரிரங்கன் மணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். இப்படியொரு சந்தர்ப்பத்துக்கு எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. சாய்சரண்தான் நிலைமையைக் காப்பாற்றினான். கைப்பேசியில் வேகவேகமாகத் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"சார், அது கவர்ட். மெடிக்கல் காரணம்னா மேட்டர்னிட்டியில முழுசா கவர்ட். கேஷ்லெஸ்."

கஸ்தூரிரங்கன் முகத்தில் வெளிச்சம் திரும்பியது. "பாத்தியாம்மா," என்றார் தழுதழுத்த குரலில். "கம்பெனி உன்னைக் கைவிடலை."

அனுமதி வந்துவிட்டது, ஒரு மணி நேரத்துக்குள். விரைவில் நலம் பெற வாழ்த்தும் சேர்ந்து வந்தது. மருத்துவமனையில் ஜான்சி வலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வந்திருக்கக் கூடாத ஒன்று, வராமல் தடுத்திருக்கக் கூடிய ஒன்று, இப்படிப் போக வேண்டியிருந்ததே என்று அவளுக்கு ஆற்றாமை. ஒரு சின்னச் சாமானுக்கு இத்தனை பேர் கூடிக் கூடிப் பேசினார்களே; இதற்கு ஒருவருமே கூடவில்லையே. நந்தகுமார் கட்டில் பக்கத்தில் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவள் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் அவன் கடலுக்குப் போகவில்லை. எங்கே போகிறான் என்று சொல்லவும் இல்லை. மதியம் மெதுவாக நடந்து வந்து பாயில் படுத்தான்.

"இன்னா ஆச்சு?"

"திருவல்லிக்கேணி கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பண்ணிக்கினு வந்துட்டேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கோபம்தான் முதலில் வந்தது.

"இதை அப்பவே பண்ணியிருக்கக் கூடாதா?"

"பயமா இருந்திச்சி." கொஞ்சம் பொறுத்து, "உன்னை அங்க அப்பிடிப் பாத்தப்புறம் இது ஒரு பயமாவே தெர்ல," என்றான்.

அவள் எழுந்து போய் அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். டாக்டர் சொன்ன நாளில் அவன் பரிசோதனைக்குப் போய் வந்தான். இனிக் கவலையில்லை என்று சொல்லிவிட்டார்கள். வலையும் முன்போலவே இழுத்தான்.

இரத்தப்போக்கு மட்டும் நிற்கவில்லை. ஜான்சி மறுபடியும் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டாள். அதே தேன் குரல். கணவருக்கு அறுவை ஆகிவிட்ட விவரத்தைக் கேட்டதும் குரல் மகிழ்ந்தது. இனி அந்தச் சாதனத்துக்குக் கருத்தடை நோக்கம் இருக்க வழியே இல்லை. ஆகவே இப்போது அது சிகிச்சைதான், தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

"வேணும்னு கேட்டப்போ இல்லைன்னீங்க. இப்ப அதுக்கு வேணாம்னு ஆனப்புறம் இருக்குன்றீங்க."

"ஆமா மேடம். இப்பதான் மேடம் எலிஜிபிள்."

சாதனத்தைப் பொருத்திக்கொண்டாள். இரத்தப்போக்கு குறைந்தது. இத்தனைக்குப் பிறகு அலுவலகத்தில் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தாள். ஆனால் குழு கலைந்துவிடவில்லை. மணி அடித்த அன்று நடந்தது கஸ்தூரிரங்கனை உலுக்கிவிட்டது. காலத்துக்கேற்ப மாறத்தான் வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். மகளிர் தினத்தன்று தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, வாசலில் வாழைமரம் கட்டி, எல்லாப் பெண் ஊழியர்களையும் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். சந்தானம் கிரைப் வாட்டர் இனி ஊழியர்களுக்கு இடைவெளி வசதியைக் காப்பீட்டில் வழங்கும் என்று மேடையில் அறிவிப்பு வந்தபோது ஜான்சிகூட நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சாய்சரண் தகுதிகளை வாசித்தான். திருமணமானவராக இருக்க வேண்டும். இரண்டு குழந்தைகளாவது பெற்று, கம்பெனிக்கான கடமையை முடித்திருக்க வேண்டும். குடும்பத்தை விரிவாக்கும் வயதில் இருக்கும் இளம் பெண்களை வசதி தவறான பாதைக்குத் திருப்பிவிடக் கூடாது என்பதால், ஐம்பது வயது நிறைந்திருக்க வேண்டும். கம்பெனியில் இருபத்தைந்து வருடப் பணி இருக்க வேண்டும். முன்பு இதுகுறித்துப் புகார் கொடுத்தவராக இருக்கக் கூடாது.

இத்தனையும் பொருந்தியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். திட்டத்தின் முதல் பயனாளி என்று விஜயலக்ஷ்மியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு. கஸ்தூரிரங்கன் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசும்படி மைக்கை நீட்டினார். அத்தனை கூட்டங்களிலும் பேசாத விஜயலக்ஷ்மி மைக்கை வாங்கிச் சரிசெய்துகொண்டார்.

"சார், எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துப் பத்து வருஷம் ஆறது. நீங்கதான் லீவு சாங்ஷன் பண்ணேள்."

கஸ்தூரிரங்கன் ஒரு நொடிதான் யோசித்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார். "அப்போ நம்ம திட்டம் நூத்துக்கு நூறு பலிதம். முதல் பயனாளிக்கு இனிமே கர்ப்பம் வரவே வராது. கம்பெனிக்கும் ஒரு பைசா செலவில்லை. இதைவிடச் சிறப்பா ஒரு மகளிர் தினம் கொண்டாட முடியுமா?"

ராஜரத்தினம் முதலில் தட்டினார். முன்வரிசை தட்டியது. விஜயலக்ஷ்மி பொன்னாடையை எடுத்து மடித்து மேடை நாற்காலியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தார். ஜான்சிக்குச் சிரிப்பு வரவில்லை. கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

கஸ்தூரிரங்கன் மக்கள்தொகை குறைந்துவருவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்நேஹா குனிந்து, உதடு அசையாமல், அக்கா, உங்க டாக்டர் பேர் என்ன என்று கேட்டாள்.

ஜான்சி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சாதாரணமாகப் பேசும் குரலிலேயே சொன்னாள், டாக்டர் அனு. அடையாறில் எந்தத் தெரு, எந்தக் கடைக்கு மேல்மாடி, எப்போது போனால் கூட்டம் இருக்காது, எதைப் பற்றி வேண்டுமானாலும் கூச்சப்படாமல் கேட்கலாம் என்றும் சொன்னாள். முன்வரிசையில் ஒருத்தி திரும்பினாள். பின்னாலிருந்து இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி, எந்தக் கடைக்கு மேல்மாடி, இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள். விஜயலக்ஷ்மியும் வந்து அந்த வட்டத்தில் உட்கார்ந்தார், மருமகளுக்கு வேண்டுமாம்.

மேடையில் பேச்சு நின்றது.

"அங்க என்ன பேச்சு?" என்றார் கஸ்தூரிரங்கன் மைக்கில்.

ஜான்சி எழுந்து நின்றாள். "டாக்டர் அட்ரஸ் குடுத்துக்கினு இருக்கேன் சார்."

அவர் முகத்தில் உண்மையான கவலை வந்தது. "ஏன், யாருக்கு என்ன உடம்பு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சார்," என்றாள் ஜான்சி. "இனிமேலும் இல்லாம இருக்கத்தான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவர் மேலே பேசலாமா வேண்டாமா என்று சாய்சரணைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் பேக்கிங் பிரிவுப் பெண்ணுக்கு வழி சொல்லத் தொடங்கினாள்.